பையா, டிரம்மா, மண் தொட்டியா? மொட்டை மாடிக்கு எது சரி

மாடித் தோட்டம் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது "என்ன செடி வைக்கலாம்?" என்றுதான். சென்னை மாதிரி ஊரில், அதுவும் அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில், அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. தளம் எவ்வளவு தாங்கும்? கத்திரி வெயிலில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? குரோ பேக் (செடி வளர்க்கும் பை), டிரம், மண் தொட்டி என்று ஒப்பிடும்போது விலையைவிட இந்த இரண்டையும்தான் நான் பார்ப்பேன்.

எடையிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆள் நடமாடும் மொட்டை மாடியை, தளத்தின் சொந்த எடை போக, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமை தாங்கும்படி கணக்கிட்டுக் கட்டுவது இந்தியத் தர நிர்ணய விதி. 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள ஒரு பை ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும். நனைந்த செம்மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால், மண் மட்டும் நிரப்பிய பை 30 கிலோவைத் தாண்டிவிடும். ஒரு சதுர மீட்டரில் நாலு பை வைத்தாலே கணக்கு நெருங்கிவிடுகிறது. அதே பையில் தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பினால், நனைந்த பிறகும் 20 கிலோவை ஒட்டித்தான் நிற்கும். தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் கொடுக்க ஆரம்பித்த மாடித் தோட்டக் கிட்டில் பையோடு நார்க் கழிவும் வந்தது. எடையைப் பார்த்தால் அது சரியான தேர்வுதான்.

ஆனால் நார்க் கழிவை மட்டும் நம்பினால் செடி வெளுத்துப்போகும். அது தண்ணீரைப் பிடித்துவைக்குமே தவிர, அதில் சத்து என்று பெரிதாக எதுவும் இல்லை. கடையில் அதை அழுத்திய கட்டியாக விற்பார்கள்; சரியாக அலசாத கட்டியில் உப்பு வேறு இருக்கும். கட்டியை ஊறவைத்து, உதிர்த்து, இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். இரண்டு பங்கு நார்க் கழிவு, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய எரு என்பது காய்கறிக்கு ஒத்துவரும் கலவை. இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே காய்ந்து தெரியும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்க்காமல் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

பைகளிலும் இரண்டு ரகம். வெளியே வெள்ளையும் உள்ளே கறுப்புமாக இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பை மலிவு. இரண்டு மூன்று வருஷம் வெயிலில் கிடந்தால் நொறுங்க ஆரம்பிக்கும், இடம் மாற்றித் தூக்கும்போது அடி கிழியும். கைப்பிடி வைத்த, கெட்டியான பிளாஸ்டிக் இழையில் நெய்த எச்டிபிஇ பை விலை அதிகம், ஆனால் இழுத்துப் போடத் தாங்கும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவதைத்தான். தக்காளி, மிளகாய்க்கு 12 அங்குலப் பை போதும். கத்திரிக்கும் பந்தலில் ஏற்றும் பாகல், புடலைக்கும் 15 அங்குலமாவது வேண்டும்.

மண் தொட்டிக்கு ரசிகர்கள் அதிகம், பார்க்கவும் அழகு. மண் சுவரில் ஈரம் கசிந்து ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அதே காரணத்தால் சீக்கிரம் காய்ந்தும் போகும். திறந்த மாடியில் மே மாதம் காலையும் மாலையும் ஊற்றியே ஆக வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்பினால் தொட்டி மட்டும்தான் மிஞ்சும். பாதி நிழல் விழும் பால்கனியில் துளசி, கற்பூரவல்லி, சின்னக் கறிவேப்பிலைக் கன்று என்று வைத்தால் நன்றாக வரும். சிமெண்ட் தொட்டியை ஒப்பீட்டிலேயே சேர்க்க வேண்டாம். கொஞ்சம் பெரியது என்றால் காலியாக இருக்கும்போதே ஒரு ஆள் தூக்குவது கஷ்டம்.

பழம் வேண்டும் என்றால் டிரம்தான். எலுமிச்சை, ஒட்டுக் கொய்யா, மாதுளை, முருங்கையில் பெரியகுளம்-1 ரகம் எல்லாமே 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்துவைத்தால் காய்க்கும். எலுமிச்சையோ கொய்யாவோ விதை போட்டு முளைத்த கன்றை வாங்கினால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒட்டுக் கன்று, பதியன் என்று கேட்டு வாங்குங்கள். டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று விசாரிப்பதும் முக்கியம். ரசாயனம் வந்த டிரம்மை எவ்வளவு கழுவினாலும் எனக்கு நம்பிக்கை வராது. மண் நிரப்பி நனைந்த அரை டிரம் 150 கிலோவைத் தாண்டும், அத்தனையும் கால் சதுர மீட்டர் இடத்தில் இறங்கும். அதனால் தளத்தின் நடுவில் வேண்டாம். கீழே பீமோ சுமை தாங்கும் சுவரோ இருக்கும் இடம் பார்த்து, செங்கல் மேல் வையுங்கள். பழைய கட்டடம் என்றால் டிரம் ஆசைக்கு முன்னால் ஓர் இன்ஜினியரைக் கேட்டுவிடுவது நல்லது. நிரப்பிய பிறகு நகர்த்த முடியாது. கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தால் அசோசியேஷன் கூட்டத்தில் முதல் பேச்சே உங்கள் கொய்யா மரம்தான்.

கீரைக்கு எதையும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. மீன் மார்க்கெட்டில் தூக்கிப்போடும் தெர்மகோல் பெட்டி, சாக்கு விரித்த பழைய பழக் கிரேட், எதுவானாலும் அரையடி ஆழம் இருந்தால் போதும். சிறுகீரை, அரைக்கீரை ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வந்துவிடும். போட்ட செலவுக்குக் கிடைக்கும் பலனில் வேறெதுவும் இதன் பக்கத்தில் வராது.

இப்போது எல்லோரும் கேட்கும் ஹைட்ரோபோனிக்ஸ். மண் கிடையாது, தண்ணீர் சுழன்று வருவதால் அது செலவாவதும் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீரில் கரைந்த சத்தின் அளவையும் நீரின் அமிலத்தன்மையையும் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சென்னை வெயிலில் பைப்புக்குள் ஓடும் தண்ணீர் சூடாகி வேர் அழுகும். நண்பகலில் கரண்ட் போய்ப் பம்ப் நின்றால் கொஞ்ச நேரத்திலேயே செடி தலை சாயும். அதில் சுலபமாக வருவது லெட்டூஸ் மாதிரி இலைகள். அதை வாரம் ஒரு முறைகூடச் சாப்பிடாத வீட்டுக்கு எதற்கு இத்தனை பாடு? வீட்டுக்குள்ளே விளக்கு போட்டு வளர்க்கும் பொழுதுபோக்காக வேண்டுமானால் சரி.

தண்ணீரைச் சொல்லாமல் விட முடியாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், எந்தப் பையானாலும் அடியில் உப்பு சேர்ந்துகொண்டே வரும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இருக்காது. அதைப் பிடித்துவைத்துப் போர் தண்ணீரோடு கலந்து ஊற்றலாம். ஆர்ஓ மெஷின் தள்ளும் கழிவுத் தண்ணீர் அதற்கு நேர் எதிர், அதைச் செடிக்கு விடாதீர்கள்.

என்னிடம் கேட்டால், முதல் வருஷத்துக்கு எட்டு எச்டிபிஇ பை, இரண்டு தெர்மகோல் பெட்டி. ஆடியில் வெண்டை, கத்திரி, மிளகாய் போட்டு, ஐப்பசி மழை வருவதற்குள் பைகளின் அடி ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா என்று ஒரு குச்சியால் குத்திப் பார்த்துவிடுங்கள். அடுத்து வரும் கோடையையும் தாண்டி ஆர்வம் மிச்சமிருந்தால், அப்புறம் ஒரு அரை டிரம்.