முகமது பின் சயீத் உயிரினப் பாதுகாப்பு நிதி: விண்ணப்பிக்கும் முன்

அபுதாபியிலிருந்து 2009 முதல் இயங்கிவரும் இந்த நிதியத்தில் விண்ணப்பிப்பது சுலபம். எல்லாம் இணையப் படிவத்திலேயே முடிந்துவிடும். உச்சவரம்பு 25,000 டாலர். பிப்ரவரி, ஜூன், அக்டோபர் மாதங்களின் கடைசி நாள்தான் கெடு. புலி, யானை என்றில்லை. தவளை, வண்டு, செடி, காளானுக்கும் கேட்கலாம். பெரிய நிறுவனங்கள் சீண்டாத உயிரினங்களுக்கு இதைவிட நல்ல இடம் அரிது.

விண்ணப்பங்கள் அதிகம் அடிபடுவது உயிரினப் பெயரில்தான். 'மோயாறு பள்ளத்தாக்கின் பல்லுயிரைக் காப்பது' என்று எழுதினால் எடுபடாது. வெண்முதுகுப் பாறு (ஒருவகைப் பிணந்தின்னிக் கழுகு) என்று ஒன்றைச் சொல்லி, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (ஐயுசிஎன்) சிவப்புப் பட்டியலில் அது மிக அருகிய நிலையில் இருப்பதைக் காட்டி, அதைக் கொல்வது எது, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்று எழுத வேண்டும். மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி, அந்த மாட்டின் சடலத்தைத் தின்னும் பாறுகளைக் கொல்கிறது; மாட்டுக்கான அந்த மருந்து 2006-லேயே தடைசெய்யப்பட்டது. 'விழிப்புணர்வு முகாம்' என்று மொட்டையாகப் போடாமல், எத்தனை மருந்துக் கடைகளில் எந்த மருந்து கிடைக்கிறது என்று பார்ப்போம், எத்தனை கால்நடை மருத்துவர்களைப் பாறுகளுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாமுக்கு மாற்றுவோம் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

கெடுவையும் களத்தின் பருவத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். பாறு கூடுகட்டுவது அக்டோபர் வாக்கில் தொடங்கும். பிப்ரவரியில் விண்ணப்பித்தால்தான் முடிவு, பணம், தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி எல்லாம் அதற்குள் கைக்கு வர வாய்ப்புண்டு. ஜூனில் போட்டால் பருவத்தின் பாதி போய்விடும். வனத்துறை அனுமதிக்கு நிதி முடிவு தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

25,000 கேட்டால் 25,000 வரும் என்று நம்ப வேண்டாம். பெரும்பாலும் குறைவாகவே தருகிறார்கள். ஆகவே பட்ஜெட்டைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும்: கூடு கண்காணிப்பு தனி, மருந்துக்கடை ஆய்வு தனி. பாதித் தொகை வந்தாலும் ஒன்று முழுதாக நடக்கும். சம்பளமே பெரும்பகுதி என்றால் தேறாது. ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கியை எழுதிவிட்டு அதைத் தாங்கும் முக்காலியை மறப்பது, ஜீப் வாடகையைப் போட்டு டீசலை விடுவது, வங்கிப் பிடித்தத்தைக் கணக்கில் சேர்க்காதது எல்லாம் வழக்கமான சறுக்கல்கள்.

இந்தியாவில் உண்மையான முட்டுக்கட்டை எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். அதன்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு வெளிநாட்டுப் பணத்தைத் தொட முடியாது. பதிவுக்கு மூன்றாண்டுச் செயல்பாடும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவுக் கணக்கும் வேண்டும். பணம் வர டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்கு ஒன்றே வழி. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள அமைப்பு வாங்கிச் சிறு குழுவுக்குக் கைமாற்றவும் முடியாது; அந்த அமைப்பே விண்ணப்பித்து, நேரடியாகச் செலவழிக்க வேண்டும்.

கெடு ஒத்துவராதவர்களுக்கு பிரிட்டனின் ரஃபர்ட் அறக்கட்டளை உண்டு. அங்கே எப்போதும் விண்ணப்பிக்கலாம், ஆனால் மூன்று பேரின் பரிந்துரை வேண்டும். அடுத்த நிதி, முந்தையதன் இறுதி அறிக்கை போன பிறகுதான். எஃப்சிஆர்ஏ அதற்கும் பொருந்தும்.