கேமராவா, காவலரா? சென்னையின் அபராதம் எங்கே தேங்குகிறது

அண்ணா நகரில் ஹெல்மெட் போடாமல் போகிறவர் இரண்டு வழியில் மாட்டலாம். கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும், இல்லையென்றால் டிராஃபிக் காவலர் ஓரங்கட்டச் சொல்வார். எதில் மாட்டினாலும், 2022 அக்டோபரிலிருந்து 1,000 ரூபாய்தான். அரசு அடுத்த ரூபாயை எதில் போடுவது?

கேமராவுக்கு ஷிஃப்ட் கிடையாது, சிபாரிசும் செல்லாது. சிக்னல் தாண்டுவதற்கும் ஹெல்மெட்டுக்கும் அதுவே போதும். ஆனால் அது பிடிப்பது வண்டியைத்தான், ஓட்டியவரை அல்ல. மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-படி 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். எங்கே போகும்? ஆர்.சி.யில் உள்ள முகவரிக்கும் போன் எண்ணுக்கும். நான் விற்ற ஸ்கூட்டரை வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. எட்டு மாதம் அவருடைய சலான் எல்லாம் என் போனுக்கு வந்தது. அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

காவலருக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும், வெயிலிலும் புகையிலும் நிற்க வேண்டும். இருந்தாலும் குடித்துவிட்டு ஓட்டுகிறவரைக் கேமராவால் ஊதச் சொல்ல முடியாது. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துவது காவலர்தான். ஓ.எம்.ஆரில் ராங் சைடில் வருகிறவருக்கு நாலு நாள் கழித்து வரும் மெசேஜால் என்ன பயன்? எதிரே வரும் லாரி அதுவரை காத்திருக்காது. அதனால் இரவு சோதனைக்கு ஆள் குறைப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

சரி, பிடித்த பிறகு? இங்கேதான் பணமும் ஆளும் போதவில்லை என்று நினைக்கிறேன். குடிபோதை வழக்கு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கட்டாதவர்களைப் போனில் கூப்பிட்டு நினைவூட்ட, 2022-ல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை கால் சென்டரே அமைக்க வேண்டியிருந்தது. ரோட்டில் நிற்க வேண்டியவர்களின் நேரம் இப்படி வசூலில் கரைகிறது.

ஆகவே இன்னும் பத்து சிக்னலில் கேமரா மாட்டும் முன், சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஆர்.சி. முகவரியைச் சரிபார்க்கவும் தனி ஆட்களைப் போடட்டும். தினக்கூலிக்காரர் ஒரு நாள் கூலியை இழக்காமல் வந்து போக, நீதிமன்றம் மாலையில் ஓர் அமர்வும் நடத்தட்டும்.