நியூயார்க்கின் மாற்று ரூப்ரிக் அனுமதி: எப்படி இருந்தது?
ரூப்ரிக் என்றால் எதைப் பார்த்து எந்த நிலை தருவது என்று சொல்லும் மதிப்பீட்டு அட்டவணை. ஆசிரியர்களையும் பள்ளி முதல்வர்களையும் மதிப்பிட 2010இல் வந்த 3012-சி சட்டக் காலத்து ஏற்பாடு இது. மாநிலக் கல்வித்துறை ஏற்ற ரூப்ரிக்குகளின் பட்டியலில் டேனியல்சன், மார்சானோ எல்லாம் இருந்தன. வேறு ரூப்ரிக் வேண்டுமானால் பள்ளி மாவட்டம் (உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) விதிவிலக்கு கேட்க முடிந்தது.

ஆசிரியருக்கு மாநிலத்தின் 7 கற்பித்தல் தரங்கள், பள்ளி முதல்வருக்கு ஐஎஸ்எல்எல்சி 2008 என்ற பள்ளித் தலைமைத் தரங்கள். ஒவ்வொரு தரமும் ரூப்ரிக்கின் எந்த வரியில் வருகிறது என்று காட்டியாக வேண்டியிருந்தது. மதிப்பீட்டு நிலைகள் 4, மாவட்டத்தின் பழைய ரூப்ரிக்கில் 3 என்றால் அதை 4 ஆக மாற்றும் முறையும் தேவைப்பட்டது.

ரூப்ரிக்கின் வாசகங்களில்தான் சறுக்கும். ‘நன்றாகக் கற்பிக்கிறார்’ தேறாது. ‘மாணவர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்கிறார்கள்’ தேறும், கண்ணால் பார்க்கலாமே! ‘சில சமயம்’, ‘அடிக்கடி’ என்று ஒரு சொல்லை மட்டும் மாற்றி 4 நிலை செய்தால், ஒரே வகுப்பைப் பார்த்த இருவர் வெவ்வேறு மதிப்பெண் போடுவார்கள்.

ஏற்கெனவே உழைத்து உருவாக்கிய ரூப்ரிக் வைத்திருந்த மாவட்டங்களுக்கு இது நல்ல வழியாக இருந்தது. மற்றவர்களுக்குப் பட்டியலே போதுமானதாக இருந்தது.