கோடைல கறிக்கோழி குடலைக் காப்பாத்த எது உதவும்: தீவன நேரமா, ஃபாகரா, எலக்ட்ரோலைட்டா, ப்ரோபயாடிக்கா?

மார்ச் தாண்டிட்டா பல்லடம், உடுமலை பக்கம் பண்ணைக்காரங்ககிட்ட இதே கேள்விதான் சுத்தும், இருக்கற காசை எதுல போடறதுன்னு. என்னைக் கேட்டா காசே செலவில்லாத வழியைத்தான் முதல்ல பாக்கணும்.

கோழிக்கு வேர்வை சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து இரைச்சுதான் சூட்டை வெளிய தள்ளணும். ரத்தத்தையும் தோல் பக்கம் திருப்பி விடுது, அதனால குடலுக்கு ரத்தமும் ஆக்சிஜனும் குறைஞ்சு குடல் செல்களை ஒட்டி வச்சிருக்கற கட்டு தளர்ந்துடும். அந்த இடைவெளி வழியா ஈகோலை மாதிரி கிருமிகளோட நச்சு ரத்தத்துல இறங்குது, சத்தை உறிஞ்சற குடலுறிஞ்சிகளும் குட்டையாகிடுது. தீனி கம்மியா எடுக்குது அதான் எடை வரலன்னு சொல்றது பாதி உண்மைதான், குளுமையான இடத்துல அதே அளவு தீவனம் மட்டும் போட்டு வளர்த்த கோழியோட ஒப்பிட்டுப் பாத்தப்பவும் சூட்டுல இருந்த கோழி எடை பின்தங்கிதான் இருந்திருக்கு.

இப்ப தீவன நேரத்துக்கு வருவோம். தின்ன தீவனம் செரிக்கறப்ப உள்ளுக்குள்ள சூடு உண்டாகும், அது சில மணி நேரம் கழிச்சுதான் உச்சத்துக்குப் போகும். நிறைய பேர் கோழி இரைக்க ஆரம்பிச்ச பிறகு 12 மணிக்கு ஃபீடரை, அதாவது தீவனத் தொட்டியைத் தூக்கறாங்க, ஆனா 11 மணிக்குத் தின்னது 2 மணி வெயில்ல உள்ள சூடு கிளப்பிட்டுதான இருக்கும்? காலைல 10 மணிக்கே தூக்கிடணும், சாயங்காலம் சூடு தணிஞ்சதும் போட்டு ராத்திரி லைட் விட்டுத் தின்ன விடணும். நாலு வாரம் தாண்டின பேட்ச்சுக்கு இது ரொம்ப முக்கியம். ஆனா 6 மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க, பட்டினி நீண்டாலும் குடல் தோல் மெலிஞ்சுடும், பசில லிட்டரை, அதாவது தரைல பரப்பின உமி மாதிரி படுக்கையைக் கொத்தித் தின்னும். எல்லா ஃபீடரையும் ஒரே நேரத்துல இறக்கிடுங்க, இல்லன்னா ஒரே பக்கம் முண்டியடிச்சு மேல ஏறி நசுங்கும்.

ஃபாகர்னா தண்ணியைப் பனி மாதிரி தெளிக்கற கருவி, ஃபேனோட சேர்ந்தாதான் வேலை செய்யும். கொங்கு பக்கம் மத்தியானக் காத்து காஞ்சு இருக்கும், அங்க ஃபாகர் நல்லா எடுக்கும். கடலோரப் பண்ணைகள்ல காத்துலயே ஈரம் நிறைய, அங்க ஃபாகர் விட்டா இரைக்கறது மூலமா சூடு வெளியேறறதே தடைபடும், லிட்டர் நனைஞ்சு அமோனியாவும் ரத்தக்கழிச்சலும் வரும், குடலைக் காப்பாத்தப் போய் குடலையே கெடுத்த கதைதான். ஃபேன் மட்டும் போதுமான்னு கேட்டா 35 டிகிரி வரைக்கும் நல்ல உதவி, 40ஐ நெருங்கினா கோழி உடம்பு சூடே 41 சொச்சம், வெறும் காத்து பெருசா எதையும் இறக்காது.

எலக்ட்ரோலைட் தண்ணி, அதாவது உப்புச்சத்து கலந்த தண்ணி, விலை கம்மி, பலன் உடனே தெரியும். இரைக்கறப்ப கார்பன் டை ஆக்சைடு அதிகமா போய் ரத்தத்துல காரத்தன்மை கூடுது, பொட்டாசியமும் சோடியமும் இழக்குது, அதைத்தான் இது ஈடு பண்ணுது, தண்ணியும் கூடக் குடிக்க வைக்கும். ஆனா அளவு மீறினா எச்சம் தண்ணியாகும். பீட்டெய்ன் குடல் செல்லுக்குள்ள தண்ணியைப் பிடிச்சு வச்சு செல் சுருங்காம காக்கற பொருள், அந்த வகைல எனக்கு எலக்ட்ரோலைட்டை விட இது மேலன்னு படுது. ஒப்பந்தப் பண்ணைல தீவனம் கம்பெனி கையில இருக்கு, அதனால தண்ணில கலக்கற வகையை சூப்பர்வைசர்கிட்ட கேட்டு வாங்கணும். எதைக் கலந்தாலும் மேல் டேங்க்ல தண்ணி சூடா கிடந்தா கோழி குடிக்காது, டேங்க்குக்கு நிழல் போட்டு பைப்பை அப்பப்ப ஃப்ளஷ் பண்ணுங்க.

ப்ரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யற பாக்டீரியா மருந்து பத்தி விளம்பரம் பாத்துட்டு சூடு ஏறின அன்னைக்கு ஊத்தறாங்க, அது அப்ப பெருசா கைகொடுக்காது. நல்ல பாக்டீரியா குடல்ல இடம் பிடிக்க நாள் ஆகும், குஞ்சுல இருந்தே ஆரம்பிச்சாதான் பலன். சூடாக்கி அழுத்திச் செய்யற பெல்லட் குருணைத் தீவனத்துல வர்றதுன்னா பேசிலஸ்ங்கற பாக்டீரியா வகைதான் அந்தச் சூட்டைத் தாங்கும். லாக்டோபேசிலஸ்ங்கற இன்னொரு வகையைத் தண்ணில கொடுக்கறப்ப குளோரினை நிறுத்திடணும், கூடவே ஆன்டிபயாடிக் ஓடிட்டு இருந்தா அந்தக் காசு வீண்.