தம்பியோடு 18 மாதம் போய்வந்த உளவளத்துணை நிலையம், மேற்கு சிட்னி: 5க்கு 4

நிலையத்தின் பெயரை நான் இங்கே போடவில்லை. மேற்கு சிட்னியில் எங்கள் ஆட்களின் வட்டம் சின்னது, பென்டில் ஹில்லில் காலையில் நடந்தது பொழுதுபடுவதற்குள் டூங்காபி வரைக்கும் தெரிந்துவிடும், யார் எந்தக் கிழமை அங்கே போகிறார்கள் என்று யாரும் கணக்குப் பார்க்கக் கூடாது. போரிலும் சித்திரவதையிலும் தப்பி வந்த அகதிகளுக்கென்று இப்படியான சேவை அவுஸ்திரேலியாவின் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிறது, தேடுகிறவர்கள் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். நான் எழுதுவது ஒரு நிலையத்தில் எங்களுக்குக் கிடைத்த அனுபவத்தை மட்டும். தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அவனை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

தம்பி என்றால் என் சித்தியின் மகன். 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வந்து மெனிக் பாம் முகாமில் இருந்தவன், 2012 ஒக்டோபரில் படகில் வந்தான். அப்போது அவன் மகளுக்கு 2 வயது. இப்போது அவளுக்கு 15 வயது, தகப்பனைப் போனில் மட்டும்தான் தெரியும்.

அவன் இந்த நிலையத்துக்குப் போனது மனநலம் சரியில்லை என்று நினைத்து அல்ல. தலையிடி, நெஞ்சு இறுக்கம், உடம்பெல்லாம் எரிவு, நித்திரை இல்லை. இரண்டு வருடம் குடும்ப டொக்டரிடம் போய் இரத்தம், ஈசிஜி, தலை ஸ்கான் என்று எல்லாம் எடுத்து எல்லாம் சரி என்று வந்தது. கடைசியில் அந்த டொக்டர்தான் இங்கே போகச் சொன்னார். "நான் என்ன விசரனோ அக்கா?" என்று ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. இதை எழுதுவதற்குக் காரணமே அந்த ஒரு மாதம்தான், இன்னும் எத்தனையோ வீடுகளில் அதே கேள்வியோடு ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் சனம் மனதுக்குள் இருக்கிறதை உடம்பால்தான் சொல்லும், பெருமூச்சு விடும், "ஒரே யோசனை" என்று சொல்லும். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் இதைப் பல வருடங்களாக எழுதி வருகிறார்கள். மனவடு (ட்ரோமா), நெருக்கீடு (ஸ்ட்ரெஸ்) என்ற சொற்கள் எல்லாம் எங்கள் ஊரில் போருக்குள்ளேயே புழங்கிய சொற்கள், வெளிநாட்டில் வந்து படித்தவை அல்ல.

சரி, நிலையத்துக்கு வருகிறேன். பணம் எடுக்கவில்லை, அரசு மருத்துவக் காப்புறுதியான மெடிகெயாரின் அட்டையும் கேட்கவில்லை. டொக்டரின் கடிதம் கட்டாயமும் இல்லை, நாங்களே போன் எடுத்துப் பதிந்திருக்கலாமாம், அது பிறகுதான் தெரிந்தது. தற்காலிக விசாவில் இருக்கிறவர்களுக்கு மெடிகெயார் அடிக்கடி அறுந்துபோகும், விசா புதுப்பிக்கப் பிந்தினால் வேலை செய்யும் அனுமதியும் சேர்ந்தே போய்விடும், அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

காத்திருப்பு நீளம். 2023 கடைசியில் பதிந்தோம், முதல் சந்திப்பு 2024 மார்ச்சில்தான் கிடைத்தது. நடுவில் வந்த கடிதம் முழுக்க ஆங்கிலம், அவன் அதைக் குடிவரவுத் திணைக்களத்துக் கடிதம் என்று பயந்து பிரிக்காமலே மேசை லாச்சிக்குள் வைத்திருந்தான். தமிழில் ஒரு வரி மேலே போட்டிருந்தால் போதும். இதற்குத்தான் முதல் அரைப் புள்ளியைக் குறைக்கிறேன்.

முதல் நாள் அவன் கேட்டதால் நானும் உள்ளே இருந்தேன். உளவளத்துணையாளர் ஒரு பெண், தானும் சிறுவயதில் வேறொரு போரிலிருந்து தப்பி வந்தவர் என்று சொன்னார். அறைக்குள் போனதும் "எந்தக் கதிரை வசதி?" என்று கேட்டார். தம்பி கதவு தெரிகிற கதிரையில் இருந்தான். கதவைத் திறந்து வைக்கவா மூடவா என்று கேட்டார், கொஞ்சம் திறந்திருக்கட்டும் என்றான். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அவன் போகும் முன்பே அந்தக் கதிரை அப்படியே இருந்தது, கதவும் அரைவாசி திறந்திருந்தது. விசாரணை அறைகளில் இருந்து வந்த ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. அவன் பிறகு சொன்னான், "இங்க மட்டும்தான் அக்கா என்னை எங்க இருக்கப் போறாய் எண்டு கேட்டவை."

மூன்று சந்திப்பு வரைக்கும் போரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. நித்திரை, சாப்பாடு, வேலை நேரம், இரவில் எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, முழித்ததும் என்ன செய்கிறான், இவ்வளவுதான். ஏன் உடம்பு திடுக்கிடுகிறது, ஏன் ஹெலிகொப்டர் சத்தத்துக்குக் கை நடுங்குகிறது என்பதை ஒரு படம் கீறி விளக்கினார். ஆபத்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் மூளையின் ஒரு பகுதி ஆபத்து முடிந்த பிறகும் நிற்காமல் வேலை செய்கிறது, அது பைத்தியம் இல்லை, உன்னைக் காப்பாற்றிய அதே வேலை என்று. அந்தக் காகிதத்தை அவன் இன்னும் பேர்ஸுக்குள் வைத்திருக்கிறான். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் முன்பு "உங்கள் ஊரில் மனம் அமைதியாக என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். அம்மா விளக்கு வைத்துப் பிள்ளையாரைக் கும்பிடுவா என்றான். அதோடு சேர்த்து மூச்சை எண்ணப் பழக்கினார். மருந்து வேண்டுமா என்று பார்க்க அங்கேயே ஒரு மனநல மருத்துவரும் பார்த்தார், சின்ன அளவில் தொடங்கினார்கள்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். நிலையம் வெளியிலிருந்து ஒழுங்குசெய்த ஒரு நிறுவனத்தின் ஆள் முதல் நாள் வந்தார். "எனக்கு ஒரே யோசனையா இருக்கு" என்று தம்பி சொன்னதை, அவருக்கு நிறைய எண்ணங்கள் உதிக்கின்றன என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார், புதுக் கடை திறக்கத் திட்டம் போடுகிறவனைப் பற்றிச் சொல்வதுபோல. நல்ல மனிதர்தான், எங்கள் பேச்சு அவருக்குப் பழக்கமில்லை. நான் குறுக்கே விழுந்து திருத்தினேன். நான் இல்லாவிட்டால்? இரண்டாவது முறை வந்தவர் எங்கள் கோயிலில் பார்த்த முகம், தம்பி வாயே திறக்கவில்லை. மூன்றாவது தடவை உளவளத்துணையாளரே யோசித்து, வேறு மாநிலத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் ஒருவரைத் தொலைபேசி வழியாக எடுத்தார், பெயர் சொல்லாமல். அன்றைக்குத்தான் அவன் கதைத்தான். ஆகவே போகிறவர்கள் முதல் நாளே கேளுங்கள்: இலங்கைத் தமிழ் பேசுகிறவர், வெளி மாநிலத்தவர், தொலைபேசியில், ஆணா பெண்ணா என்பதும் உங்கள் விருப்பம். கேட்டால் தருகிறார்கள். கேட்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை, அதற்கு இன்னொரு அரைப் புள்ளி.

இந்த இடத்தை நான் மற்றவர்களுக்குச் சொல்வதற்கான உண்மையான காரணம் வேறு. இவர்கள் முள்ளிவாய்க்காலை மட்டும் நோயாகப் பார்க்கவில்லை. நான் அப்படித்தான் பார்த்தேன். ஷெல் விழுந்ததைப் பார்த்தவன், உறவுகளைப் புதைக்காமல் விட்டு வந்தவன், மனம் உடையத்தானே செய்யும் என்று. உண்மைதான். 2009இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பு ஆய்வு, 40 நாடுகளைச் சேர்ந்த 81,866 பேரைப் பற்றிய 181 கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்து, போரில் சிக்கியவர்களிலும் அகதிகளிலும் சுமார் 30 வீதம் பேருக்கு மனவடு நோய், கிட்டத்தட்ட அதேயளவு பேருக்கு மனச்சோர்வு என்று சொன்னது. ஆனால் அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சக்கரி ஸ்டீலும் டெரிக் சிலோவும் 1990களின் கடைசியில் அவுஸ்திரேலியாவில் இருந்த எங்கள் தமிழர்களிடமே ஆய்வு செய்தவர்கள். அங்கே பட்டது மட்டுமல்ல, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம், வேலையில்லாமை, குடும்பத்தைப் பிரிந்திருப்பது என்று இங்கே வந்தபின் படுவதும் நோயைக் கூட்டுகிறது என்று அப்போதே காட்டினார்கள். 2006இல் சிட்னியில் மண்டேய அகதிகளிடம் (ஈராக், ஈரான் பக்கத்துச் சிறுபான்மை மதத்தவர்) செய்த ஆய்வும் நீண்ட தடுப்புக்காவலும் தற்காலிக விசாவும் தனித்தனியாகவே மனதைக் கெடுக்கின்றன என்றுதான் சொன்னது. இவ்வளவும் தெரிந்த பிறகும் அதே தற்காலிக விசா திரும்பி வந்தது.

தம்பியின் கதையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2012 ஓகஸ்ட் 13க்குப் பிறகு படகில் வந்தவர்களுக்கு முதலில் வேலை செய்யவே அனுமதி இல்லை. வருடக்கணக்காகப் புகலிட மனுப் போடவும் விடவில்லை. பிறகு அந்த மனுக்களை விசாரிக்க விரைவு வழி (ஃபாஸ்ட் ட்ராக்) என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள், பெயர்தான் விரைவு. நேர்காணலில் கைதான மாதத்தை அவன் முன்னுக்குப் பின் மாற்றிச் சொன்னான், நம்பக்கூடியவர் அல்ல என்று மறுத்துவிட்டார்கள். மறுபரிசீலனை பெரும்பாலும் காகிதத்தில் மட்டும், ஆளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. பிறகு நீதிமன்ற வரிசை. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தபோது நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். விரைவு வழியில் மறுக்கப்பட்டவர்கள் அதற்குள் இல்லை. ஒரே படகில் பக்கத்தில் இருந்து வந்தவன் இப்போது மனைவியைக் கூப்பிட மனுப் போட்டுவிட்டான், இவன் இன்னும் பிரிட்ஜிங் விசா, முடிவு வரும்வரை தங்கவிடுகிற இடைக்கால விசா. கோயிலுக்குப் போவதை நிறுத்தியதே அதனால்தான், "விசா சரிவந்ததோ தம்பி?" என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல ஏலாது. அன்பாகத்தான் கேட்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

2021இல் சித்தி கிளிநொச்சியில் செத்துப்போனா. அந்த விசாவில் வெளியே போனால் திரும்பி வர முடியாது. மூத்த பிள்ளை, கொள்ளி வைக்க வேண்டியவன், தொழிற்சாலைக் கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் இருந்து வாட்ஸ்அப்பில் செத்தவீட்டைப் பார்த்துவிட்டு இரவு வேலைக்குப் போனான். தலையிடி தொடங்கியது அந்த வருடம்தான், முள்ளிவாய்க்கால் முடிந்து 12 வருடம் கழித்து.

இதை உளவளத்துணையாளர்தான் கண்டுபிடித்தார், திகதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி. விசா புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் இவனுக்கு நித்திரை போகிறது என்பதையும் அந்தத் தாள்தான் காட்டியது. இப்போது விசா முடிகிற கிழமைக்கு முன்பே ஒரு சந்திப்பு போட்டு வைக்கிறார்கள். "அங்க ஓடுறதுக்கு ஒரு பக்கமாவது இருந்தது, இங்க எந்தப் பக்கம் ஓடுறதெண்டு தெரியேல்லை" என்று அவன் சொன்னபோது, அதை மாற்றிப் பேச முயலாமல், ஆமாம் என்று சொன்னாராம். வழக்கறிஞருக்கு ஒரு அறிக்கையும் எழுதிக் கொடுத்தார்கள், மனவடு உள்ளவருக்குத் திகதிகளும் வரிசையும் குழம்புவது நோயின் குணம், பொய்யின் அடையாளம் அல்ல என்று. அது கைக்கு வர 3 மாதம் பிடித்தது, வழக்கறிஞர் இரண்டு தடவை நினைவூட்ட வேண்டியிருந்தது. விசா விஷயத்தில் இவர்களால் செய்யக்கூடியதும் அவ்வளவுதான். அங்கே போனால் விசா கிடைக்கும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

நேரமும் ஒரு பிரச்சினை. வேலை நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும். தம்பி இரவு வேலை, கஷுவல், ஒரு நாள் வரவில்லை என்றால் அடுத்த கிழமை பட்டியலில் பெயர் இருக்காது. வேலை முடிந்து நித்திரை இல்லாமல் நேரே அங்கே போவான். நித்திரைக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவன் நித்திரையை விட்டுவிட்டுப் போவது எனக்குக் கடைசி வரைக்கும் சரியாகப் படவில்லை. கிழமையில் ஒரு மாலை திறந்தால் எத்தனை பேர் வருவார்கள்.

செவ்வாயில் ஒரு தோட்டக் குழு இருக்கிறது. முதலில் எனக்கு அது பொழுதுபோக்காகத் தெரிந்தது, பிறகு பார்த்தால் அவன் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான். ஆப்கானிஸ்தான்காரர் ஒருவர், ஈராக்கில் இருந்து ஒரு வயதானவர், இவன், ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. வன்னியில் வயல் செய்தவன், மண்ணைக் கையால் அள்ளிப் பார்த்து இது உதவாது என்று சொல்லி எரு போடச் சொன்னானாம். 13 வருடத்தில் இந்த நாட்டில் ஒருவர் இவனிடம் ஆலோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

2014இல் ஜீலோங்கில் ஒரு தமிழர், 2024 ஓகஸ்டில் மெல்பேர்னில் 23 வயதுப் பெடியன், இருவரும் இதே பிரிட்ஜிங் விசாவில் இருந்தவர்கள், தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்த ஓகஸ்ட் செய்தி வந்த இரவு நான் தம்பி வீட்டுக்கு ஓடிப் போனேன். அவன் அதற்கு முன்பே நிலையத்துக்குப் போன் எடுத்துத் தகவல் விட்டிருந்தான், அடுத்த நாள் காலையிலேயே கூப்பிட்டார்கள். அது ஒன்றுக்காகவே இந்த இடத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படியொரு இரவு வந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மொழிபெயர்ப்புச் சேவை 131 450க்கு எடுத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், நெருக்கடி நேர உதவித் தொலைபேசியான லைப்லைன் 13 11 14க்கு இணைக்கச் சொல்லுங்கள், 24 மணி நேரமும் உண்டு. உடனடி ஆபத்து என்றால் 000.

இப்போது நித்திரை 5 மணி நேரம் வருகிறது, தலையிடி மாதத்தில் இரண்டு மூன்று தடவை. மகளோடு கதைக்கும்போது கமெராவைத் திறந்து வைத்துக் கதைக்கிறான், முன்பு முகத்தைக் காட்டமாட்டான். விசா நவம்பரில் முடிகிறது, அதற்கு முதல் கிழமை சந்திப்பு போட்டிருக்கிறார்கள், நான் அன்றைக்கு லீவு சொல்லிவிட்டேன். போன செவ்வாய் தோட்டத்திலிருந்து எனக்கு மூன்று மிளகாய்க் கன்று கொண்டு வந்தான், யன்னலோரம் வை அக்கா, குளிர் இன்னும் விடவில்லை என்றான்.