பெரிய ஜேசன் கோப்பு: மெமரியைக் கூட்டுவதா, துண்டு துண்டாகப் படிப்பதா, வரிவரியாக வாங்குவதா?

சர்வரில் 32 ஜிபி மெமரி இருக்கிறது. படிக்க வேண்டிய ஜேசன் (JSON, நிரல்கள் டேட்டாவைப் பரிமாறிக்கொள்ளும் உரை வடிவம்) கோப்பு 600 எம்பிதான். ஆனாலும் நோட்.ஜேஎஸ் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) அதை ஸ்ட்ரிங்காக, அதாவது ஒரே எழுத்துத் தொடராக, மாற்றும் இடத்தில் கைவிரித்துவிடும். 53,68,70,888 எழுத்துகளுக்கு மேல் நீளமான ஸ்ட்ரிங்கை உருவாக்க முடியாது என்று எரர் வரும். பலர் உடனே ஹீப் (நிரல் தன் டேட்டாவை வைக்கும் மெமரிப் பகுதி) அளவைக் கூட்டிவிட்டு மறுபடி ஓட்டுகிறார்கள். அதே எரர் அதே இடத்தில் வருகிறது.

இங்கே இருப்பது இரண்டு தனித்தனி வரம்புகள். ஒரே ஸ்ட்ரிங் எவ்வளவு நீளம் போகலாம் என்பது ஒன்று. அந்த நிரல் மொத்தம் எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்பது இன்னொன்று. எந்தத் தீர்வை யார் சொன்னாலும், அது இந்த இரண்டில் எதைத் தொடுகிறது என்று முதலில் கேளுங்கள். இந்தக் கேள்வியை விட்டுவிட்டு வழிகளை ஒப்பிட்டுப் பயனில்லை.

மெமரியைக் கூட்டுவது

நோட்.ஜேஎஸ்ஸின் 'மேக்ஸ் ஓல்ட் ஸ்பேஸ் சைஸ்' அமைப்பு ஹீப்பை மட்டும்தான் பெரிதாக்கும். ஸ்ட்ரிங் நீள வரம்பு, நோட்.ஜேஎஸ்ஸுக்குள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8 இன்ஜினுக்குள்ளேயே எழுதப்பட்டது. வெளியிலிருந்து மாற்ற முடியாது. 64 பிட் வி8-இல் இப்போது அது சுமார் 53.7 கோடி எழுத்து. நோட்.ஜேஎஸ்ஸின் சில பழைய பதிப்புகளில் சுமார் 107 கோடியாக இருந்து, பிறகு பாதியானது. அதனால் 700 எம்பி கோப்பை நன்றாகப் படித்துக்கொண்டிருந்த நிரல், பதிப்பை உயர்த்திய அன்றே நின்றுபோகலாம். பிரவுசர்களிலும் இந்த வேறுபாடு உண்டு. குரோம் வி8-ஐப் பயன்படுத்துவதால் அதே 53.7 கோடிதான். ஃபயர்ஃபாக்ஸ் சுமார் 107 கோடி, சஃபாரி சுமார் 214 கோடி வரை ஒத்துக்கொள்ளும்.

பைத்தானில் இப்படியொரு தடை குறுக்கே வராது. அங்கே கவலை முழுக்க மெமரிதான், அந்தக் கவலை சின்னதும் இல்லை. சென்னையின் இருப்பிடத்தை ஜியோஜேசன் (இருப்பிடங்களுக்கான ஜேசன்) முறையில் [80.27,13.08] என்று எழுதினால் கோப்பில் 13 பைட். பைத்தானில் அது ஒரு லிஸ்ட், உள்ளே இரண்டு தசம எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் 24 பைட், லிஸ்டுக்கு 72 பைட், ஆக 120 பைட்டுக்குக் குறையாது. கோப்பின் அளவைப் பார்த்து மெமரியைக் கணக்குப் போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

தமிழ் உரையைக் கையாளும் நாம் இன்னொன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பைத்தான் 3.3 முதல் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் தன்னிலுள்ள எழுத்துகளின் யூனிகோட் எண்களில் மிகப் பெரியதைப் பொறுத்து எழுத்துக்கு 1, 2 அல்லது 4 பைட் எடுக்கிறது. பைத்தானின் வழக்கமான ஜேசன் லோட் கட்டளை முழுக் கோப்பையும் ஒரே ஸ்ட்ரிங்காகப் படித்த பிறகுதான் பார்ஸ் செய்யும், அதாவது அலசிப் பிரித்து டேட்டாவாக்கும். 1 ஜிபி ஆங்கிலக் கோப்பில் எங்கோ ஒரு வாடிக்கையாளர் பெயர் தமிழில் இருந்தால் போதும், அந்த ஸ்ட்ரிங் மட்டும் 2 ஜிபி ஆகிவிடும். ஒரு சிரிப்பு எமோஜி இருந்தால் 4 ஜிபி. பார்ஸ் செய்யத் தொடங்கும் முன்பே இவ்வளவு!

வி8-இலும் ஜாவாவிலும் இதே கதை கொஞ்சம் மென்மையாக நடக்கிறது. லத்தீன் எழுத்துகள் மட்டும் இருந்தால் எழுத்துக்கு 1 பைட். ஒரு தமிழ் எழுத்து நுழைந்தால் முழு ஸ்ட்ரிங்கும் 2 பைட் முறைக்கு மாறும். ஜாவா 9-க்குப் பிறகு ஸ்ட்ரிங்கின் உள்ளே இருப்பது பைட் அரே என்பதால், தமிழ் கலந்த ஸ்ட்ரிங்கின் அதிகபட்ச நீளமும் பாதியாகிறது. ஆங்கில டேட்டாவை மட்டும் வைத்து லோட் டெஸ்ட் செய்து "தாங்கும்" என்று முடிவு கட்டுவது ஆபத்து என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம். உங்கள் பயனர்கள் தமிழில் எழுதுவார்கள் என்றால் தமிழிலேயே சோதியுங்கள்.

சரி, இந்த வழி எப்போது போதும்? இருநூறு முந்நூறு எம்பி கோப்பு, ஒரே ஒரு முறை ஆராய வேண்டும், சொந்த லேப்டாப் என்றால் தாராளமாக ஹீப்பைக் கூட்டி வேலையை முடியுங்கள். துண்டு துண்டாகப் படிக்கும் ஸ்ட்ரீமிங் நிரல் எழுதி நேரத்தைச் செலவழிக்கத் தேவையில்லை. தினமும் ஓடும், மாதாமாதம் வளரும் வேலைக்கு இது ஆகாது.

ஆர்ஜேசன், சிம்ட்ஜேசன் போன்ற வேகமான பார்சர்களையும் சிலர் இந்த இடத்தில் பரிந்துரைக்கிறார்கள். வேகம் உண்மைதான். ஆனால் வழக்கமான முறையில் அவையும் முழு ஆவணத்தையும் மெமரியில் கேட்பவை. சிம்ட்ஜேசனில் ஒரே ஆவணம் 4 ஜிபியைத் தாண்டவும் கூடாது.

துண்டு துண்டாகப் படிப்பது

கோப்பின் வடிவத்தை மாற்ற முடியாதபோது, ஸ்ட்ரீமிங் பார்சர்தான் இரண்டு வரம்புகளையும் ஒருசேரத் தாண்டும் வழி. பைத்தானில் ஐஜேசன், நோட்.ஜேஎஸ்ஸில் ஸ்ட்ரீம்-ஜேசன், ஜாவாவில் ஜாக்சனின் ஸ்ட்ரீமிங் முறை. கோப்பைச் சிறு துண்டுகளாக வாங்கி, "பட்டியல் திறந்தது, ஒரு பெயர் வந்தது, ஒரு எண் வந்தது" என்று சொல்லிக்கொண்டே போகும். உங்களுக்கு வேண்டிய உருப்படி முழுமையானதும் கையில் எடுத்து, வேலையை முடித்து, விட்டுவிடலாம். கோப்பு 5 ஜிபியோ 500 ஜிபியோ, மெமரி ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும்.

இது எங்கே கடினமாகும் என்பதற்கு அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுக் கோப்புகள் நல்ல உதாரணம். காப்பீட்டு நிறுவனங்கள் மருத்துவமனைகளோடும் மருத்துவர்களோடும் பேசி முடித்த கட்டணங்களைப் பொதுவெளியில் வெளியிட வேண்டும் என்ற விதி அங்கே 2022 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. பல நிறுவனங்கள் பல ஜிபி கொண்ட ஒரே ஜேசன் பொருளாக (object, பெயரும் மதிப்புமான இணைகளின் தொகுப்பு) அவற்றை வெளியிடுகின்றன. அதற்குள் கட்டணப் பட்டியல் ஒரு பக்கம், மருத்துவர்களின் விவரப் பட்டியல் இன்னொரு பக்கம். கட்டணத்தில் மருத்துவரின் குறிப்பு எண் மட்டும் இருக்கலாம். பெயர் எண்ணெல்லாம் மற்றப் பட்டியலில். ஜேசன் பொருளுக்குள் எது முதலில் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கட்டணம் முதலில் வந்துவிட்டால், அந்த எண் யாரைக் குறிக்கிறது என்று தெரியாமலே அவ்வளவையும் கடந்து போக வேண்டும். அப்புறம் கோப்பை இரண்டு முறை படிப்பது அல்லது இரண்டு பட்டியல்களையும் டேட்டாபேஸில் போட்டு இணைப்பது தவிர வழியில்லை. ஸ்ட்ரீமிங் என்றால் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை இந்தக் கோப்புகளிடம் செல்லாது.

வேகத்திலும் விலை கொடுக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் சொந்த ஜேசன் பார்ஸ் இன்ஜினுக்குள் சி++ நிரலாக ஓடுவது. ஸ்ட்ரீமிங் நூலகமோ ஒவ்வொரு சிறு கூறையும் ஜாவாஸ்கிரிப்டிலேயே பிரிப்பது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரண பார்ஸ், கோப்பில் எங்கே பிழை இருந்தாலும் எதையும் தராது. ஸ்ட்ரீமிங் பார்சர் பிழை இருக்கும் இடம் வரை எல்லாவற்றையும் தந்துவிடும். டவுன்லோட் பாதியில் அறுந்த கோப்பு என்றால், அதன் முக்கால்வாசி ஏற்கெனவே உங்கள் டேட்டாபேஸில் ஏறியிருக்கும். எனவே தற்காலிக டேபிளில் ஏற்றி, கோப்பு முழுதாக முடிந்தது உறுதியான பிறகே நிஜ டேபிளுக்கு மாற்றுங்கள்.

ஸ்ட்ரீமிங் செய்தாலும் ஒற்றை மதிப்பின் நீளம் தப்பாது. ஒரு பிடிஎஃப்பை அப்படியே பேஸ்64 (பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக மாற்றும் முறை) ஆக்கி ஜேசனுக்குள் திணித்திருந்தால், அந்த ஒரு ஸ்ட்ரிங் முழுதாக வந்தே தீரும். ஜாக்சன் 2.15 முதல் இப்படிப்பட்ட மதிப்புக்கு வரம்பு வைத்திருக்கிறது. இப்போது இயல்பாக 2 கோடி எழுத்து. மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றும் முன் அந்த பிடிஎஃப் அங்கே எதற்கு என்று கேட்பது நல்லது.

நூலகம் இல்லாமல் தானே துண்டுகளைச் சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நோட்.ஜேஎஸ் கோப்பை இயல்பாக 64 கேபி துண்டுகளாகத் தரும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். 65,536 என்பது மூன்றால் வகுபடாத எண், ஆகவே துண்டின் எல்லையில் ஓர் எழுத்து நடுவே வெட்டுப்படுவது சகஜம். ஒவ்வொரு துண்டையும் தனியாக ஸ்ட்ரிங் ஆக்கிச் சேர்த்தால் அந்த இடத்தில் கேள்விக்குறிக் கட்டம் வந்து உட்காரும். எரர் எதுவும் வராது, பெயர் மட்டும் சிதைந்திருக்கும். ஸ்ட்ரீமுக்கு யுடிஎஃப்-8 என்று என்கோடிங்கை முதலிலேயே சொல்லிவிட்டால் நோட்.ஜேஎஸ் இதைத் தானே சரியாகச் சேர்த்துக்கொள்ளும்.

ஜேசனை வடிகட்டும் கமாண்ட் லைன் கருவியான ஜேகியூ பற்றி ஒரு வரி: சாதாரணமாக ஓட்டினால் அது முழு ஆவணத்தையும் மெமரியில் ஏற்றும். ஸ்ட்ரீம் முறை உண்டு என்றாலும் மெதுவானது, எழுதவும் சிக்கலானது.

வரிவரியாக வாங்குவது

கோப்பை உருவாக்குபவரிடம் ஒரு வார்த்தை பேச முடியும் என்றால், என் தேர்வு எப்போதும் இதுதான். ஒரு வரிக்கு ஒரு ஜேசன் பொருள். என்டிஜேசன் என்றும் ஜேசன் லைன்ஸ் என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு வரியையும் இன்ஜினின் சொந்த பார்ஸே படிப்பதால் வேகம் குறைவதில்லை. ஸ்ட்ரிங் வரம்பு வரிக்கு வரி புதிதாகத் தொடங்குகிறது. கெட்டுப்போன வரி ஒன்றை ஒதுக்கிவைத்து மேலே போகலாம். வேலை நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லினக்ஸில் வரிகளை எண்ணலாம், கோப்பைப் பிரித்து நான்கு பிராசஸ்களுக்குக் கொடுக்கலாம். கிட்ஹப்பின் பொது நிகழ்வுகளை மணிக்கு ஒரு கோப்பாகச் சேமிக்கும் ஜிஹெச் ஆர்கைவ் இந்த வடிவத்தைத்தான் பின்பற்றுகிறது.

விக்கிடேட்டாவின் முழுத் தொகுப்பு இன்னும் அழகான ஒரு சமரசம். சுருக்கிய நிலையிலேயே 100 ஜிபிக்கு மேல்; அவிழ்த்தால் ஒரு டெராபைட்டைத் தாண்டும். ஜேசன் இலக்கணப்படி அது ஒரே பட்டியல்தான். ஆனால் ஒவ்வொரு உருப்படியும் தனி வரியில் இருக்கிறது. முதல் வரியும் கடைசி வரியும் அடைப்புக்குறிகள். இடையிலுள்ள வரியின் கடைசிக் காற்புள்ளியை நீக்கினால் அது தனி ஜேசன். பழைய கருவிகளுக்கும் பிழையில்லை, வரிவரியாகப் படிப்பவருக்கும் வசதி. வடிவத்தை மாற்றவே மாட்டோம் என்று அடம்பிடிக்கும் டீமிடம் இதை ஒரு நடுவழியாகக் காட்டுங்கள்.

குறை என்று சொன்னால், யாராவது அழகுக்காக இண்டென்ட் செய்து சேமித்துவிட்டால் எல்லாம் குலைந்துவிடும். மொத்தக் கோப்புக்கும் பொதுவான விவரங்களை வைக்கத் தனி இடமும் இல்லை.

டேட்டாபேஸிடம் விட்டுவிடுவது

டக்டிபி பெரிய ஜேசனை நேரடியாக எஸ்க்யூஎல் மூலம் படிக்கும், ஆராய்ச்சி வேலைக்கு அருமை. ஆனால் இயல்பாக ஒரு பொருளுக்கு 16 எம்பி என்ற வரம்பு உண்டு; அதைக் கூட்டலாம். மோங்கோடிபியில் ஒரு ஆவணத்துக்கு 16 எம்பி, கூட்ட முடியாது. போஸ்ட்கிரஸ் ஒரு புலத்தில் 1 ஜிபி வரை தாங்கும் என்றாலும், ஜேசனைச் சேமிக்கும் அதன் ஜேசன்பி வகையில் ஒரு பட்டியலின் உறுப்புகள் மொத்தம் 26,84,35,455 பைட்டைத் தாண்டக்கூடாது. ஆக டேட்டாபேஸும் உருப்படிகளைப் பிரித்துத் தந்தால்தான் ஏற்கும். பிரிக்கும் வேலை உங்களிடமே திரும்பி வருகிறது.

எழுதும் பக்கம்

படிப்பவர்கள் படும் பாட்டில் பாதி, எழுதும் இடத்திலேயே தீரக்கூடியது. ஜாவாஸ்கிரிப்டில் டேட்டாவை ஜேசனாக எழுதித்தரும் ஸ்ட்ரிங்கிஃபையிடம் முழுப் பொருளையும் கொடுத்தால் அங்கேயும் அதே நீள வரம்பு மோதும். உருப்படிக்கு உருப்படி எழுதிக்கொண்டே போனால் மோதாது.

பைத்தானின் டம்ப்ஸும் பிஎச்பியின் ஜேசன் என்கோடும் இயல்பாகத் தமிழை எஸ்கேப் குறியீடுகளாக ('த' என்பதற்குப் பதில் \u0ba4 என்பதுபோல) மாற்றிவிடும். 'தமிழ்' என்பது ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8-இல் 15 பைட், எஸ்கேப் செய்தால் 30. முழுக்கத் தமிழில் இருக்கும் கோப்பு இதனால் இரட்டிப்பாகும். வி8-இன் நீளக் கணக்கிலோ ஐந்துக்குப் பதில் முப்பது எழுத்தாக ஏறும். அப்படிப்பட்ட கோப்புக்கு எஸ்கேப்பை அணைத்துவிடுங்கள். ஆங்கிலமே மிகுந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தமிழ்ப் பெயர் வரும் கோப்பு என்றால் கணக்கு தலைகீழ். எஸ்கேப் செய்தால் கோப்பு முழுக்க லத்தீன் எழுத்தாகவே இருக்கும், படிக்கும் ஸ்ட்ரிங் எழுத்துக்கு 1 பைட்டிலேயே நிற்கும். உங்கள் கோப்பு இந்த இரண்டில் எந்த வகை என்று பார்த்த பிறகு அந்த ஒரு அமைப்பை முடிவு செய்யுங்கள்.