மதுரை மெஸ்ஸும் அந்த சைடு டிஷ் தட்டும்

போன வாரம் பெங்களூரிலிருந்து பள்ளித் தோழி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். கிறிஸ்துமஸ் லீவுக்கு மதுரை வருகிறார்களாம். அவளும் வீட்டுக்காரரும், இரண்டு பிள்ளைகள், அவள் அப்பா அம்மா, ஆக ஆறு பேர். "பர்ஸ் காலியாகக் கூடாது, பிள்ளைங்க மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது, அப்பா முட்டி வலியோட மாடி ஏறக் கூடாது. அந்த மாதிரி நாலு கடை சொல்லுடி." இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. ஐந்து வாயைக் கட்டி இழுத்துக்கொண்டு எத்தனை ஞாயிற்றுக்கிழமை வெளியே போயிருப்பேன்! ரெண்டு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் போனை எடுத்தேன். ஒரு விஷயத்தில் வந்து மாட்டிக்கொண்டேன்.

சுலபமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலைக்கு மேலமாசி வீதி முருகன் இட்லி கடை. அந்த இட்லியைப் பற்றி ஊர் உலகமே பேசி முடித்துவிட்டது, நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு அங்கே வேடிக்கை இட்லியில் இல்லை, இலையில் வரிசையாக விழும் சட்னிகளில் இருக்கிறது. எது காரம், எது இல்லை என்று விரலை வைத்துப் பார்த்தே அரை மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் மீனாட்சி கோயிலை விட்டு வெளியே வந்ததும் மேலச் சித்திரை வீதியில் கோபு அய்யங்கார் கடை வெள்ளையப்பம். ராத்திரிக்கு பன் பரோட்டா. பல் விழுந்த பையனும் சாப்பிடலாம், பல் கட்டிய தாத்தாவும் சாப்பிடலாம், அவ்வளவு மெத்து. கறி தோசை தெரியாமல் மதுரையை விட்டுப் போகக்கூடாது என்பவர்களுக்கு சிம்மக்கல் கோனார் மெஸ். முட்டையும் கறியும் அப்பிய கனத்த தோசை, சின்னப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒன்று தாராளம். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா உண்டு. ஆனால் டிசம்பரில் தாத்தா பாட்டிக்கு இருமல் பிடித்துக்கொள்ளும், அதற்குப் பதில் சுக்கு மணக்கச் சூடாகப் பருத்திப்பால் வாங்கிக் கொடு.

இதில் எதிலும் வம்பு கிடையாது. விலை போர்டில் இருக்கும், இல்லையென்றால் கேட்டால் சொல்வார்கள்.

வம்பு மத்தியானத்தில்தான். அசைவ மெஸ்ஸில்.

எங்கள் ஏரியாவில் ஒரு மெஸ் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஒன்பது வருஷத்தில் மாதம் ஒரு தடவையாவது போயிருப்போம். இலை போடுவார்கள், தண்ணீர் தெளிப்பதற்குள் ஒருத்தர் இரண்டு கையாலும் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைப்பார். தட்டு முழுக்கக் கிண்ணங்கள். மட்டன் சுக்கா, ஈரல், குடல், மூளை, கோலா உருண்டை, நண்டு, அயிரை மீன் குழம்பு, பொரித்த ஏதோ ஒரு குருவி. பத்துப் பன்னிரண்டு கிண்ணத்துக்குக் குறையாது. "என்ன வைக்கட்டும்?" என்று ஒரு கேள்வி. விலை என்ற பேச்சே வராது. மெனு கார்டு என்று ஒரு பொருளை அந்தக் கடையில் நான் பார்த்ததே இல்லை.

பெரியவர்கள் என்றால் சரி, பசியை அடக்கிக்கொண்டு யோசிப்பார்கள். ஆறு வயசுப் பையன் யோசிப்பானா? அவன் கண்ணுக்கு நேரே கோலா உருண்டை. "எனக்கு இது, இது, அப்புறம் அந்தப் பூ மாதிரி இருக்கே அது." பூ மாதிரி இருந்தது மூளை. சொல்லி வாய் மூடுவதற்குள் கிண்ணம் தட்டிலிருந்து இலைப் பக்கம் வந்துவிட்டது. அந்த வேகத்தை எங்கள் தெரு ரேஷன் கடையில் காட்டினால் ஊரே கும்பிடும்.

நான் விலை கேட்பேன். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் கேட்பேன். "அண்ணே, சுக்கா எவ்வளவு? ஈரல் எவ்வளவு?" பக்கத்து டேபிள் திரும்பிப் பார்க்கும். என் வீட்டுக்காரர் மேஜைக்கு அடியில் காலை மிதிப்பார். "சாப்பிட வந்த இடத்துல போய்…" காய்கறிக் கடையில் கத்தரிக்காய்க்கு ரெண்டு ரூபாய் பேரம் பேசுகிற மனுஷன் இவர். தட்டைக் கண்டால் மட்டும் ஜமீன் வாரிசு ஆகிவிடுகிறார். எனக்கு அந்தத் தட்டின் மேல் இருக்கும் கோபத்தில் பாதி இதனால்தான். வீட்டு ஆம்பளையின் கௌரவத்தில் கை வைத்து விற்கிறார்கள் என்று தோன்றும். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு எதிரில் "இது வேண்டாம், எடுத்துட்டுப் போங்க" என்று எந்த அப்பாவாலும் சுலபமாகச் சொல்ல முடிவதில்லை.

எங்கள் அத்தைதான் சமாளிப்பார். தட்டு வரும்போதே கையை நீட்டி, "அங்கிட்டே வச்சிருப்பா, வேணும்னா கூப்புடுறோம்" என்பார். எழுபது வயசுக் குரலுக்கு மரியாதை உண்டு, தட்டு அப்படியே திரும்பிவிடும்.

போன மாதம் அந்த அத்தையே விழுந்துவிட்டார். அன்றைக்கு அயிரை இருந்தது. சோழவந்தான் பக்கம் பிறந்தவர். சின்ன வயசில் வாய்க்காலில் துண்டை விரித்து அயிரை பிடித்த கதையை மாதம் ஒரு தடவை சொல்வார். கிண்ணத்தைப் பார்த்ததும் கை நீளவில்லை. "இதை மட்டும் வையி" என்றார். அவ்வளவுதான், அணை உடைந்தது. சுக்கா, ஈரல், உருண்டை நாலு, மூளை என்று எல்லாம் இறங்கியது.

பில்லைச் சொல்கிறேன். சாப்பாடு நாலு, 640. சுக்கா 240, ஈரல் 220, மூளை 200, கோலா உருண்டை நாலு 120, அயிரை 350. மொத்தம் 1,770. ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து, சில்லறையை ரவுண்டு பண்ணி 1,859 ரூபாய். இந்த விவரமும் நான் கேட்டு வாங்கியதுதான். பில்லில் 'சாப்பாடு 4', 'சைடு டிஷ்' என்று இரண்டே வரி. உணவுப் பாதுகாப்பு உரிம எண் பதினாலு இலக்கம் மட்டும் தெளிவாக அச்சாகியிருந்தது. அதை அச்சடிக்க இடம் இருக்கிறது, ஈரல் என்று எழுத இடம் இல்லை!

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் ஒரு பைசா ஏமாற்றவில்லை. சர்வீஸ் சார்ஜ் என்று எதையும் அங்கே போட்டதே கிடையாது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தானாக பில்லில் சேர்க்கக்கூடாது என்று சொன்னபோது, இப்படியெல்லாம் வேறு வசூலிக்கிறார்களா என்று நாங்கள் பேப்பரைப் பார்த்து ஆச்சரியப்பட்டோம். ஏசி ஹாலில் சாப்பாட்டுக்கு 20 ரூபாய் கூட. ஏசி கடைக்கு 18, இல்லாத கடைக்கு 12 என்று இருந்த வரி, 2017 நவம்பரில் இரண்டுக்கும் ஐந்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் அந்த இருபது ரூபாய் இறங்கவில்லை. போகட்டும், கரண்ட் பில் என்று வைத்துக்கொள்கிறேன்.

அயிரைக்கு 350 என்பதிலும் எனக்குச் சண்டை இல்லை. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, உயிரோடு வாங்கி, மண்சட்டியில் கல் உப்புப் போட்டு உரசி உரசி வழுவழுப்புப் போகக் கழுவ வேண்டும். வீட்டில் ஒரு தடவை கால் கிலோ வாங்கிவிட்டு அந்த வேலையில் என் இடுப்பு போய்விட்டது. கிடைக்கிற நாளில் கிடைக்கும், வரத்துக் குறைந்தால் விலை ஏறும். ஆட்டில் ஒரு மூளை, ஒரு ஈரல். காலையில் எத்தனை ஆடு வந்ததோ அத்தனைதான். அச்சடித்த கார்டு இந்த வியாபாரத்துக்கு ஒத்துவராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் என்ன விலை? கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் அத்தனை சுவர் சும்மா கிடக்கிறது. கல்லாவில் இருப்பவரிடம் இதை மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். மூன்று தடவையும் சிரித்துக்கொண்டே சோம்பைத் தள்ளினார்.

சரி, இவ்வளவு எரிச்சலோடு ஒன்பது வருஷமாக ஏன் போகிறேன்?

குழம்பு வாளிக்காக. சைடு டிஷ் ஒன்றுமே வாங்காமல், வெறும் சாப்பாடு மட்டும் சொன்னாலும் வரிசையாக வரும். மட்டன் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, நண்டுக் குழம்பு, அப்புறம் ரசம், மோர். எத்தனை தடவை கேட்டாலும் ஊற்றுவார்கள். தட்டு தூக்கி வருகிறவர் வேறு, வாளி தூக்கி வருகிறவர் வேறு. வாளிக்காரர் வயசானவர், அதிகம் பேசமாட்டார். மகளுக்கு மூன்று வயசாக இருக்கும்போது காரம் தாங்காமல் அழுதாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு கிண்ணம் பருப்பும் நெய்யும் கொண்டுவந்து, அவரே சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுப் போனார். பில்லில் அது இல்லை. இப்போது அவளுக்குப் பதினொரு வயசு, காரமெல்லாம் வெளுத்துக்கட்டுகிறாள். இன்றைக்கும் அவள் இலையைப் பார்த்தால் வாளியை அடிவரை துழாவி நல்லி எலும்பு ஒன்றைத் தேடிப் போடுவார். தட்டில் அதே நல்லியைக் கிண்ணத்தில் வைத்து எவ்வளவுக்கு விற்பார்களோ, இவர் கரண்டியில் சும்மா விழும். ஒரே கடைக்குள் இப்படி இரண்டு கடை நடக்கிறது.

வசதி என்று பார்த்தால் சுமார்தான். ஞாயிறு ஒரு மணிக்குப் போனால் சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் ரசத்துக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்க்க வேண்டும். கை கழுவும் குழாய் பிள்ளைகளுக்கு எட்டாது, தூக்கிப் பிடிக்க வேண்டும். தரைத்தளம்தான், மாடி இல்லை, அது ஒன்று உன் அப்பாவுக்கு நல்லது.

இதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் அவளுக்கு நான் போட்ட பதில்: "மத்தியானம் சைவ ஹோட்டலாப் பார்த்துப் போயிரு. அந்த மெஸ் வேண்டாம். ஆறு பேருக்கு பில் எங்கே போய் நிற்கும்னு யாராலயும் சொல்ல முடியாது." அனுப்பிவிட்டு ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. பில்லைப் பார்த்து நான் முணுமுணுத்துக்கொண்டே வந்த அன்றைக்கு, வீட்டுக்கு வந்து அத்தை மறுபடியும் கை கழுவவே இல்லை. மோந்து பார்த்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

காலையில் எழுந்து இன்னொரு மெசேஜ் போட்டேன். "சரி, போ. ஞாயிறு வேண்டாம், வேலை நாளாப் போ. பன்னிரண்டேகாலுக்கு உள்ளே இருக்கணும். தட்டு வர்றதுக்கு முன்னால பிள்ளைங்களைக் கை கழுவ அனுப்பிரு. விலையை நீயே கேளு, வீட்டுக்காரரை நம்பாத. வாளி தூக்குற பெரியவர் இருந்தா நான் கேட்டேன்னு சொல்லு. அயிரை இருந்தா எங்க அத்தைக்கு ஒரு கிண்ணம் பார்சல் வாங்கிட்டு வா, ஜிபே பண்ணிடுறேன். எவ்வளவுன்னு முதல்ல கேட்டுட்டு வாங்கு."